சக்கரத்தில் ஒட்டிய கறுப்பு

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? கல்வராயன் மலைப் பாதை. ஏறும்போது இன்ஜின் முனகும். இறங்கும்போது... பிரேக் முனகும்! வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கி, கள்ளக்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தும்போது, குனிந்து முன் சக்கரத்தைப் பாருங்கள். காலையில் வெள்ளியாக மின்னிய ரிம், கரி பூசிய மாதிரி கறுத்துப் போயிருக்கும்.

"ரோட்டுப் புழுதி சார்" என்பார் டிரைவர். அப்படியானால் பின் சக்கரத்தில் ஏன் அவ்வளவு கறுப்பு இல்லை? இரண்டும் ஒரே ரோட்டில்தானே வந்தன?

அது வெறும் புழுதி இல்லை. உங்கள் காரின் பிரேக் தேய்ந்து உதிர்ந்த பொடி. கார் நிற்கும்போது பெரும்பாரத்தைத் தாங்குவது முன் பிரேக் என்பதால், முன் சக்கரத்தில் பொடியும் அதிகம். அந்தப் பொடிக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் ஒரு மரணமும் உண்டு.

சக்கரத்தில் கறுப்பு என்பது நமக்குப் புதுசா என்ன? மாட்டு வண்டியின் அச்சுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து 'வண்டி மை' போட்டவர்கள் நாம். அந்தக் கறுப்பு, சக்கரத்தை ஓட வைக்கப் போட்டது. இந்தக் கறுப்போ, சக்கரத்தை நிறுத்துவதால் வருவது!

நிறுத்துவதுதான் எப்போதுமே பெரிய பாடு. மேட்டில் ஏறும்போது மாடு வண்டியை இழுக்கும். பள்ளத்தில் இறங்கும்போது வண்டி மாட்டைத் தள்ளும். பாரம் முழுக்க மாட்டின் கழுத்தில் வந்து விழும். அதனால்தான் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் ஒரு மரக்கட்டையை அழுத்தி வேகத்தைக் குறைத்தார்கள். கட்டை தேயும். தேய்ந்தால் வேறு கட்டை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். டெர்பிஷயர் மலைப்பக்கத்தில் வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் கொடுத்து அழுத்துவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார் என்று சொல்வார்கள். 'செருப்புக்குப் பதிலாக இதற்கென்றே ஒரு பொருளைச் செய்தால் என்ன?' என்று யோசித்த அவர், 1897-ல் பிரேக் கட்டைத் தொழிலில் இறங்கினார். தன் பெயரின் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் 'ஃபெரோடோ'. இன்றும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பார்க்கிறோமே, அதே பெயர்!

மோட்டார் கார் வந்தது. வேகம் கூடியது. சூட்டில் கருகாத ஒரு பொருள் வேண்டியிருந்தது. ஃப்ரூட் 1908 வாக்கில் கைவைத்தது ஆஸ்பெஸ்டாஸில். நெருப்புக்கு அசையாத, நூலாக நூற்கக்கூடிய அதிசயக் கல். உலகமே கொண்டாடியது.

இப்போது 1924-க்கு வாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் இரண்டு சம்பவங்கள்.

மார்ச் மாதம், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் இறந்துபோனார். வயது 33. ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்றவர். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் வில்லியம் குக், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் துகள்கள் குத்திக் கிடப்பதைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். கம்பெனி நஷ்டஈடு தர மறுத்துவிட்டது. நெல்லியின் கல்லறையில் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டில், பிரான்சின் லியோன் நகரில் கார் பந்தயம். புகாட்டி கம்பெனி தன் 'டைப் 35' காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. மரக் கால், கம்பிக் கால் சக்கரங்களுக்கு நடுவே, அலுமினியத்தில் வார்த்த, தட்டையான ஆரங்கள் கொண்ட பளபள சக்கரங்கள்! டயர்கள் காலை வாரியதால் அன்று ஜெயிக்கவில்லை. ஆனால், நாம் இன்று 'அலாய் வீல்' என்று ஆசை ஆசையாகப் போட்டுக்கொள்வதற்குத் தாத்தா அதுதான்.

அழகான ரிம்மும், அதன் மேல் படியும் பொடியின் ஆபத்தும் ஒரே வருஷத்தில் உலகத்துக்குத் தெரிய வந்தன. உலகம் எதைப் பார்த்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கால அம்பாசடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பொடி பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். திறந்து 'ஏர்' அடித்துச் சுத்தம் செய்த மெக்கானிக்கின் மூஞ்சியில்தான் அத்தனையும்! 1953-ல் லீ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார்கள் ஜெயித்தன. அப்புறம் டிஸ்க் மெல்ல மெல்ல சாதாரணக் கார்களுக்கும் வந்தது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்கிறது. பொடி நேராக ரிம்மில்.

பிரிட்டன் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்தது. இந்தியாவில் இன்னும் முழுத் தடை இல்லை. புதுக் கார்களின் பிரேக் பேடுகள் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதவைதான். ஆனால் மலிவாகக் கிடைத்த, பேர் தெரியாத பேடில் என்ன இருக்கிறது என்று பொடியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அமெரிக்காவில் 1994-ல் வந்த தொழில் பாதுகாப்பு விதி, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடிய பிரேக்கில் காற்றடித்துப் பொடியைக் கிளப்பாதே, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதே என்கிறது. நமக்கும் அதுதான் பாடம்: முதலில் நனை, அப்புறம் தொடு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பொடியில் உள்ள இரும்புத் துகள் சூட்டோடு ரிம்மில் ஒட்டி, துருப்பிடித்து, தேய்த்தாலும் போகாது. அப்போது வாட்டர் சர்வீஸில் ஒரு குரல் கேட்கும்: "ஆசிட் போட்டா பளிச்சுனு ஆயிடும் சார்!" ஆகும். ஒரு நாளைக்கு. பிறகு ரிம்மின் மேல்பூச்சு அரிக்கப்பட்டு வெளுத்துப் போகும். சில கடுமையான வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ, அமோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். இது பொல்லாத சரக்கு. தோலில் பட்டால் சில சமயம் பல மணி நேரம் வரை வலிக்கவே வலிக்காது. அதற்குள் உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, வலிக்குக் காத்திருக்காமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்த ஆசிட் பல இடங்களில் எதில் இருக்கும்? லேபிள் கிழித்த குடிதண்ணீர் பாட்டிலில்! தண்ணீர் போலத் தெரிவதெல்லாம் தண்ணீர் இல்லை என்பதைக் கள்ளக்குறிச்சிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அந்த ஊரில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தொழிற்சாலைத் திரவத்துக்கு அதன் சொந்தப் பாட்டிலும் பெயரும் இருக்க வேண்டும் என்பது அங்கே வெறும் சட்டம் இல்லை, துக்கம் கற்றுக்கொடுத்த பாடம்.

சரி, ரிம்மை எப்படித்தான் கழுவுவது?

மலையிறங்கி வந்ததும் கழுவாதீர்கள். காய்ச்சிய டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் அது கோணிப் போகலாம். நிழலில் நிறுத்தி, ஆற விடுங்கள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் நிறையத் தண்ணீர் விட்டுப் பொடியை நனைத்து ஓட்டுங்கள். சக்கரத்துக்கென்று தனி பக்கெட், தனி ஸ்பாஞ்ச். கார் ஷாம்பு, மெத்தென்ற பிரஷ் போதும். ஒரு சக்கரத்தை முடித்து அலசிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒட்டிய இரும்புக்கு, அமிலம் இல்லாத 'அயர்ன் ரிமூவர்' இருக்கிறது. இரும்பில் பட்டால் ஊதா நிறமாக மாறி வழியும். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் வேலை நடக்கும். காய்வதற்குள் அலசிவிடுங்கள். டீசல், கிரீஸ், பாலிஷ் எதுவும் டிஸ்க்கில் படவே கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். கடைசியாக, மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்குங்கள்.

அடுத்த தடவை வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது கியரைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கறுப்பே பாதிதான் வரும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஊரில் உள்ள வாட்டர் சர்வீஸ்களிலெல்லாம் வரிசை நிற்கும். வெறுங்கையோடு குந்தி உட்கார்ந்து ஒரு பையன் உங்கள் சக்கரத்தைத் தேய்ப்பான். மறுநாள் அந்தச் சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைப்பீர்கள். எலுமிச்சம்பழமும் நசுக்குவீர்கள். அதற்கு முன்னால், அவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்களேன்.