மோட்டார் ஏன் எரிந்தது? கோவை பம்பு தொழிலில் அறிவு கைமாறும் விதமும் விவசாயி எழுதி வைக்க வேண்டிய கணக்கும்

போர் மோட்டார் எரிந்தால் தூக்கி வைண்டிங் கடையில் போடுகிறோம். காயில் கட்டி, திரும்ப இறக்கி, தண்ணீர் வந்துவிட்டால் வேலை முடிந்தது. ஏன் எரிந்தது என்று நாம் கேட்பதில்லை. கடைக்காரருக்கும் சொல்ல நேரமில்லை. பம்பு செய்பவருக்கு மிகவும் தேவையான தகவல் அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது. அது மேலே போய்ச் சேர்ந்த காலங்களில்தான் கோவை பம்பு நன்றாக வளர்ந்தது.

ஒரு ஊரே கற்றுக்கொண்ட தொழில்

கோவையில் 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கல்விக்கூடம் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். பஞ்சாலைகளில் இயந்திரம் பழுது பார்த்துக் கை தேர்ந்தவர்கள் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள் அடுத்த பட்டறை போட்டார்கள். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இன்றும் இதுதான் கதை.

சிறு கம்பெனிகள் பல, முழு பம்பையும் தாங்களே செய்வதில்லை. வார்ப்படம் ஒரு பவுண்டரியில், கடைசல் ஒரு லேத்தில், ஸ்டாம்பிங் வேறிடத்தில், வைண்டிங் இன்னொரு இடத்தில். ஒரே பவுண்டரிக்காரர் பத்து கம்பெனிக்கு வார்த்துக் கொடுப்பார். ஒரு கம்பெனியின் இம்பெல்லரில் ஓட்டை விழுந்தால், மண் கலவையை எப்படி மாற்றிச் சரி செய்தோம் என்பது மற்ற ஒன்பது பேரின் வேலையிலும் சேர்ந்துவிடும். யாரும் வகுப்பு எடுப்பதில்லை; டீக்கடையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இதில் கெடுதலும் உண்டு. கஷ்டப்பட்டு ஒருவர் செய்த புது டிசைன், சில மாதத்தில் பக்கத்துப் பட்டறையில் விலை குறைவாக வந்து நிற்கும். பிறகு விலையில் போட்டி. விலையைக் குறைக்கக் காப்பரைக் குறைப்பார்கள். அந்த மோட்டார்தான் நம் போரில் எரிகிறது. பொதுவான சோதனைக்கூடம் தேவைப்பட்டது இதனாலும்தான். 1952-ல் தொடங்கிய 'சீமா' என்ற உற்பத்தியாளர் சங்கம் பிறகு 'சிட்டார்க்' சோதனை மையத்தை உருவாக்கியது. சொந்தமாகச் சோதனைக்கூடம் கட்ட முடியாத சிறு கம்பெனியும் தன் பம்பை அங்கே கொண்டுபோய், எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கிணறு சொல்லிக் கொடுத்தது

பட்டறைகளுக்குப் பெரிய ஆசான் விவசாயிதான். கிணற்று மேட்டில் வைக்கும் மோனோபிளாக் சுமார் 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் தண்ணீரை நன்றாக உறிஞ்சாது. நீர்மட்டம் இறங்கியபோது விவசாயிகள் கிணற்றுக்குள் திட்டு கட்டி மோட்டாரை இறக்கினார்கள். அதற்கும் கீழே போனபோது ஜெட் பம்பு வந்தது, கம்ப்ரசர் வந்தது, பிறகு நீர்மூழ்கி மோட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் தோட்டத்தில் ஒரு கஷ்டம் இருந்தது. அதைக் காதில் வாங்கிய மெக்கானிக் ஒருவர் இருந்தார்.

இப்போது அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், பம்பு கூடுதலாகக் கரண்ட் இழுத்தாலும் நமக்குத் தெரிவதில்லை. இலவச மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பில் சொல்லாத செய்தியை ஆம்பியர் மீட்டரிடம் கேட்க வேண்டும் என்கிறோம்.

நீங்கள் எழுத வேண்டியவை

போரின் ஆழம் மட்டும் போதாது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். அது 300 அடி, மேல்தொட்டி 20 அடி உயரம், குழாய் உராய்வுக்கு 30 அடி என்றால் மொத்தம் 350 அடி, ஏறக்குறைய 107 மீட்டர். அடுத்தது தண்ணீரின் அளவு. 200 லிட்டர் டிரம் 100 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 2 லிட்டர். இந்த இரண்டு எண்களோடு கடைக்குப் போங்கள். பெயர்ப்பலகையில் உள்ள ஹெட், டிஸ்சார்ஜ் இவற்றோடு பொருந்தும் மோட்டாரைக் கேளுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய எச்.பி. வாங்குவது பாதுகாப்பு அல்ல. கோடை மட்டத்துக்கு வாங்கிய மோட்டார், மழைக்குப் பின் மட்டம் ஏறியதும் அதிகத் தண்ணீரைத் தள்ளும். பல மாடல்களில் ஆம்பியரும் ஏறும். அப்போது கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, பெயர்ப்பலகை ஆம்பியருக்குள் கொண்டு வாருங்கள்.

நீர்மூழ்கி பம்புக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்ற தர எண் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்க வேண்டும். அதனுடன் உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். முத்திரை ஒட்டுவது சுலபம் என்பதால் இதைச் சொல்கிறோம்.

எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வைண்டிங்கில் ஒரு பகுதி கருகி, மற்றது புதிதுபோல் இருந்தால் பெரும்பாலும் ஒரு பேஸ் போய் ஓடியிருக்கிறது; ஸ்டார்ட்டரில் பேஸ் தடுப்பான் வேண்டும். முழுவதும் ஒரே மாதிரி கருகியிருந்தால் குறைந்த வோல்டேஜ் அல்லது அதிகச் சுமை. இம்பெல்லர் தேய்ந்திருந்தால் மணல். த்ரஸ்ட் பேரிங் போயிருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று யோசியுங்கள். காயில் கட்டும்போது பழைய கம்பியின் கேஜும் சுற்று எண்ணிக்கையும் அப்படியே இருக்க வேண்டும். கேஜ் மாறினால் மோட்டார் சூடாகும், மறுபடி எரியும்.

ஊரில் பத்துத் தோட்டக்காரர்கள் இப்படி எழுதினால், உழவர் உற்பத்தியாளர் குழு அதை ஒரே தாளில் சேர்த்து டீலரிடமோ கம்பெனியிடமோ கொடுக்கலாம். "உங்கள் மோட்டார் சரியில்லை" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "இந்த மாடலில் ஏழு மோட்டார், இதே ஆழம், இதே வோல்டேஜ், எல்லாம் த்ரஸ்ட் பேரிங்" என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதே தாள் பக்கத்துத் தோட்டக்காரர் தவறான மோட்டார் வாங்குவதையும் தடுக்கும்.

நோட்டு வீட்டில் இருந்தால் யாரும் எழுதுவதில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்டார்ட்டர் அறைச் சுவரில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலும் கட்டி வையுங்கள், ஈரத்தில் பேனா எழுதாது.