பழைய வாகனங்களின் உடற்கட்டும் மீளமைப்புக் கலையும்

பழைய மோட்டார் வாகனத்தை மீளமைக்கப் பயிலுபவர் இயந்திரத்தில் கைவைப்பதற்கு முன் அதன் உடற்கட்டை அறிந்துகொள்ள வேண்டும். பாரத்தை எந்த உறுப்பு தாங்குகிறது என்பது தெரிந்த பின்னரே எங்கே வெட்டலாம், எங்கே ஒட்டலாம் என்று முடிவுசெய்ய இயலும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் இரத்தினபுரியிலும், கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டப் பகுதிகளிலும் துரு ஓயாமல் வேலை செய்வதால், இவ்வறிவு அங்கு இன்றியமையாததாகிறது.

1922இல் அறிமுகமான ஒஸ்டின் செவன் காரில் சில்லுகளையும் இயந்திரத்தையும் தாங்கும் இரும்புச் சட்டமாகிய சேஸி தனியாகவும், மேற்கட்டு தனியாகவும் இருந்தமையால், துணிக்கூரை கொண்ட டூரர், மூடிய சலூன், சரக்கு வான் ஆகிய பல வடிவங்களை ஒரே சட்டத்தின் மீது அமைக்க முடிந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் சலூனிலோ தனிச் சேஸி இல்லை. தரைத்தகடும் கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிவடிவ விளிம்பும் கூரையும் சேர்ந்தே பாரத்தைச் சுமக்கின்றன. அந்த விளிம்பு துருப்பிடித்ததும் முட்டுக் கொடுக்காமல் வெட்டி எடுத்தால் உடல் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு பூட்டாது. ஆகவே தேர்ந்த தொழிலாளி உடலைச் சமமட்டத்தில் தாங்கி, கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, கதவிடைவெளியை வெட்டுமுன்னும் ஒட்டியபின்னும் அளந்து பார்க்கிறார். தகரவேலை அறிந்தோரிடையே இந்தப் பொறுமை உடையோரே உண்மையான மீளமைப்பாளர்கள்.

1953இல் வந்த மைனர் டிராவலரின் பின்பகுதி ஆஷ் என்னும் மரச்சட்டத்தால் ஆனது. அச்சட்டம் அலங்காரம் போலத் தோன்றினாலும் பாரந்தாங்கும் உறுப்பே என்பதால், அதைப் புதுப்பிக்கத் தச்சுவேலையும் தெரிந்திருக்க வேண்டும். 1948இல் அறிமுகமாகித் தோட்டப் பாதைகளுக்குப் பழகிப்போன லேண்ட் ரோவரில் மேற்தகடுகள் அலுமினியக் கலவையாலும் சேஸி உருக்காலும் ஆனவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் வெண்பொடியாக உதிரும். சேஸி உள்ளிருந்தே அரிக்கப்படுவதால் அதன் கேட்டைக் கண்ணால் காண முடியாது. சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

1960களிலிருந்து 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள், கிடைத்த உதிரிப்பாகத்தைக் கொண்டும் கையால் அடித்த தகட்டைக் கொண்டும் வாகனங்களை ஓட வைக்கும் திறனை இலங்கைக் கராஜ்களில் வளர்த்தன. பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் அக்காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்தார் என்பது அத்திறனுக்குக் கிடைத்த பெரும் அங்கீகாரம். இத்தொழிலில் மூத்தோர் அறிந்தவற்றில் பெரும்பகுதி இன்னும் எழுத்தில் ஏறவில்லை. சப்ரகமுவத் தோட்டங்களின் இளைஞர்கள் பயிலத்தக்க விதத்தில் அவற்றைப் படங்களுடன் தமிழில் பதிவுசெய்ய, தொழிற்பயிற்சி நிலையங்களும் பழைய வாகன உரிமையாளர்களும் காலந்தாழ்த்தாது முன்வர வேண்டும்.