கிராம்பு பிழைத்தது, பைன் ஏன் செத்தது?

குற்றாலம் என்றால் நமக்கு அருவி, சாரல், சீசன்... அவ்வளவுதான். ஆனால் இந்தியாவுக்குக் கிராம்பு வந்த கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைப் பயிர்த் தோட்டத்தில், மொலுக்கா தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்ட கிராம்பு நடப்பட்டது. எங்கிருந்தோ வந்த மரம் எப்படிப் பிழைத்தது? மழை, மண் என்று சொல்வோம். வேரில் குடியிருக்கும் பூஞ்சையை யாரும் சொல்வதில்லை!

1885-ல் ஜெர்மானியர் ஏ.பி. ஃபிராங்க் இந்தக் கூட்டுக்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். பூஞ்சைவேர் என்று அர்த்தம். டிரஃபிள் என்ற விலை உயர்ந்த காளானை வளர்க்க வழி கேட்டது பிரஷ்ய அரசு. அவர் கண்டுபிடித்ததோ மரங்களின் ரகசியத்தை. பூஞ்சையின் மெல்லிய இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸும் தண்ணீரும் கொண்டு வரும். மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும்.

சரி, பைன் கதைக்கு வருவோம். கரீபியன் தீவான போர்ட்டோ ரிகோவில் பல வருடம் பைன் நட்டுப் பார்த்தார்கள். தேறவேயில்லை. 1955-ல் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டு வந்து இட்டார்கள். அந்த மண் கிடைத்த கன்றுகள் மளமளவென வளர்ந்தன!

ஏன் இந்த வித்தியாசம்? கிராம்பு, ஜாதிக்காய், மா, பலா எல்லாம் சேரும் பூஞ்சை வகை கிட்டத்தட்ட எல்லா ஊர் மண்ணிலும் உண்டு. பைனுக்குத் தேவையான வகை அப்படி இல்லை. அதன் கூட்டாளி மரங்கள் இருக்கும் இடத்தில்தான் அது இருக்கும்.

இது நமக்கு எதற்கு? நம் மலையில் ஓடைக்கரைகளில் வளரும் கோங்கு மரத்தின் குடும்பமும் பைன் மாதிரிதான். காட்டை அழித்து, மேல்மண்ணும் மழையில் அடித்துப் போன இடத்தில் அந்தப் பூஞ்சையும் போய்விடும். அங்கே கோங்குக் கன்றை மட்டும் நட்டால் போர்ட்டோ ரிகோ கதைதான். நாற்றங்கால் பையில் தாய்மரத்தடி மண் ஒரு கைப்பிடி சேர்த்தால் நிலைமை மாறலாம்.

மரம் நடுவிழாவில் எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணுகிறோம். எந்த மண்ணில் நட்டோம் என்றும் கேட்போமா நண்பர்களே?