மேடைக்கு முன்பே உங்களைப் பார்த்தவர்: தொலைக்காட்சிக்கு ஆள் பிடிக்கும் தொழில்

பாட்டுப் போட்டிகளில் ஒரு பிள்ளையின் குரலைக் கேட்டு நடுவர்கள் வியப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவர்களுக்கு அது முதல் தடவையாக இருக்கலாம். நிகழ்ச்சிக்கு அப்படியல்ல. யாரோ ஒருவர் அதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் காணொளியைப் பார்த்து, பெற்றோரோடு தொலைபேசியில் பேசி, குறிப்பும் எழுதி வைத்திருப்பார். வாசிக்க முடியாத வேகத்தில் ஓடும் எழுத்துகளில் அவர் பெயரும் ஓடிவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவரை 'ரலன்ட் புக்கர்' என்பார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் 'ஒருங்கிணைப்பாளர்'.

நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் இந்த வேலையை விளக்கச் சிரமமில்லை. திருவிழாவுக்கு இசைக்குழு பேசப் போகும் கோயில் கமிட்டிக்காரர் செய்வதும் இதுதான். அன்றைக்கு யார் ஓய்வு, முற்பணம் எவ்வளவு, பாடகிக்குத் தொண்டை கட்டினால் பதிலுக்கு யார், வாகனம் மலையில் எதுவரை ஏறும், இரவு எங்கே படுப்பார்கள் என்று எல்லாம் அவர் தலையில். தொலைக்காட்சியில் இதே வேலை வாராவாரம், ஒப்பந்தப் பத்திரங்களோடு நடக்கும். அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1948 முதல் 1971 வரை ஓடிய அமெரிக்காவின் எட் சலிவன் நிகழ்ச்சி, பீற்றில்ஸ் குழுவை மூன்று தோற்றங்களுக்கு 10,000 டொலருக்குப் பேசி எடுத்தது. 1964 பெப்ரவரியில் முதல் தோற்றத்தை சுமார் 7 கோடி 30 இலட்சம் பேர் பார்த்தார்கள். ஜொனி கார்சனின் நிகழ்ச்சிக்கு ஆள் தெரிந்த ஜிம் மெக்கோலி, நகைச்சுவை விடுதிகளில் இரவிரவாக உட்கார்ந்து புதியவர்களைத் தேடினார். ரோசான் பார், எலன் டிஜெனரஸ் இருவரும் அவர் கண்ணில் பட்டவர்கள்தான்.

நமக்குத் தெரிந்த முகம் பி.எச்.அப்துல் ஹமீத். இலங்கை வானொலியிலிருந்து வந்தவர். அவரது 'பாட்டுக்குப் பாட்டு' பின்னர் சன் தொலைக்காட்சிக்கும் போனது. அப்போது ஓர் இலங்கைத் தொகுப்பாளர் தமிழ்நாட்டு மேடைக்குப் போனார். இப்போது போட்டியாளர்கள் போகிறார்கள். சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லொஸ்லியா 2019இல் பிக் பொஸ் வீட்டுக்குள் இருந்தார். 2023இல் சீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் யாழ்ப்பாணம் அரியாலையின் கில்மிஷா வென்றார். அதே பருவத்தில் புசல்லாவை நயப்பன தோட்டத்து அசானியும் பாடினார். மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்த ஆண்டு அது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளின் பாட்டோடும் சேர்ந்து அவர்களுடைய மண்ணின் கதையும் திரையில் வந்தது.

அது தற்செயலாக வருவதில்லை. தெரிவாளரின் வேலையில் பாதி, முன்நேர்காணல். அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் யார் இல்லை, எப்படி இல்லாமல் போனார் என்று கேட்பார். அந்தப் பதில்களிலிருந்துதான் பாட்டுக்கு முன் ஓடும் அந்த இரண்டு நிமிடக் காணொளி பிறக்கும். கேட்பவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கதையோடு வரும் குரலைத்தான் அவர் மேலதிகாரி எதிர்பார்க்கிறார். வெளிநாட்டுத் தமிழ்ப் பார்வையாளரும் யூரியூப் எண்ணிக்கையும் இதில் பெரிய கணக்கு என்பது என் கணிப்பு.

நம் வீடுகளில் இந்தக் கேள்விகள் எளிதானவையல்ல. 1983 யூலையில் பதுளை நகரமும் எரிந்தது. மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் 2009இல் மறுபடி எல்லாம் இழந்தன. ஒரே குடும்பத்தில் லயன் அறைக் கதையும் முள்ளிவாய்க்கால் கதையும் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட மாமாவைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளை மேடையில் சொல்ல வேண்டுமா என்பதை, தொலைபேசி வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிப்பது நல்லது. மறுத்தால் வாய்ப்புப் போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. சொன்ன கதை இணையத்திலிருந்து அழியாது என்பது மட்டும் உறுதி. பிள்ளை வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது அங்கேயே இருக்கும்.

பிள்ளைகள் விடயத்தில் இந்தியச் சட்டம் தெளிவானது. பெற்றோருக்குத்தான் அதிகம் தெரியாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2017 விதிகளும் 14 வயதுக்குட்பட்ட கலைஞருக்குச் சில எல்லைகளை வைக்கின்றன. நாளொன்றுக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, ஓய்வில்லாமல் 3 மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பில் போக வேண்டும். இவற்றைக் கேட்டால் ஒழுங்கான தெரிவாளர் கோபப்பட மாட்டார்.

பயண விடயத்தையும் அவரிடமே கேளுங்கள். சுற்றுலா விசாவில் இந்தியாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. எந்த விசா, யார் எடுத்துத் தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூடவரும் தாய்க்கோ தகப்பனுக்கோ தங்குமிடம், பயணச்செலவு யார் பொறுப்பு என்பதும், வெளியேற்றப்பட்ட பிறகு எத்தனை மாதம் வேறு மேடையில் பாட முடியாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஊர்த் திருவிழா மேடையும் அந்தத் தடைக்குள் வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள். தெரிவுக்கென்று 'பதிவுக் கட்டணம்' கேட்டு வட்ஸ்அப்பில் வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்புகிறவரிடம் விலகியிருங்கள். தெரிவாளருக்குச் சம்பளம் கொடுப்பது நிகழ்ச்சி, நீங்கள் அல்ல.

இந்த வேலையை நம் பிள்ளைகளே செய்யலாமே என்றும் தோன்றும். இதற்கென்று தனிப் பட்டம் தேவையில்லை. தயாரிப்பு உதவியாளராக நுழைந்து தொலைபேசிப் பட்டியலோடு வளர்கிறவர்கள்தான் அதிகம். எந்தத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு யார் ரதி வேடம் கட்டுவார், தப்பு அடிப்பதில் எந்த அண்ணன் கெட்டிக்காரர், எந்தப் பிள்ளையை எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால், முன்நேர்காணல் வேறு கேள்வியிலிருந்து தொடங்கும். ஒருவேளை, "என்ன பாட்டுப் பாடப் பிடிக்கும்?" என்று.