கேபினெட்டுக்குள் வீசும் காற்று - ஒரு சிறு வரலாறு

கணினி கேபினெட்டுக்கு எத்தனை விசிறி வேண்டும்? எது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? கேம் விளையாடும் நண்பர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவார்கள். பி.காம். படிக்கும் உனக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

போன மே மாதம் தம்பியின் கணினி, விளையாட ஆரம்பித்த இருபதாவது நிமிடத்தில் தானாக அணையத் தொடங்கியது. பிராசஸர் கூலரை மாற்ற வேண்டும், ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்றார் கடைக்காரர். வீட்டில் அப்போது இருந்த ஆறாயிரம் என் தேர்வுக் கட்டணத்துக்காக அம்மா எடுத்து வைத்தது. அதைத் தொடுவதற்கு முன், இந்த விசிறி சமாசாரம் என்னதான் என்று படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். படித்தால் அது ஒரு பெரிய கதை!

வெப்பம் கணினியுடன் கூடப் பிறந்தது. 1946ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது விழுங்கிய மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோவாட். விழுங்கிய மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தானே வெளியே வர வேண்டும்? ஆகவே பெரிய ஊதுவிசிறிகள் வைத்துக் காற்றை உள்ளே தள்ளினார்கள். இன்றைய கேபினெட் விசிறிக்கு அதுவே பாட்டன்.

பிறகு கணினி மேசைக்கு வந்தது. 1980ல் வெளியான ஆப்பிள் 3 கணினிக்கு விசிறியே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்தார். சத்தம் அவருக்கு ஆகாது. அலுமினியப் பெட்டியே வெப்பத்தைக் கடத்திவிடும் என்பது கணக்கு. ஆனால் உள்ளிருந்த சில்லுகள் சாக்கெட்டிலிருந்து நழுவ ஆரம்பித்தன. கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சில்லுகள் சரியாக உட்காரும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லும் நிலை வந்தது. வெப்பம்தான் காரணம் என்பார் சிலர், நெருக்கடியான சர்க்யூட் போர்டுதான் காரணம் என்பார் சிலர். எப்படியானாலும் அந்தக் கணினியின் பெயர் கெட்டது கெட்டதுதான். 1984ல் விற்பனை நின்றது.

1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி. வேறு வழியில் போனது. அதன் 8088 பிராசஸருக்கு ஹீட் சிங்க்கூடக் கிடையாது. 63.5 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஒரே ஒரு விசிறி. அது காற்றை வெளியே இழுக்க, பெட்டியின் இடுக்குகள் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். அவ்வளவே ஏற்பாடு! ஏறத்தாழ பத்து வருடம் இதுவே போதுமானதாக இருந்தது.

1993ல் பென்டியம் வந்ததும் நிலைமை மாறியது. பிராசஸர் தலையில் ஹீட் சிங்க், அதன் மேல் குட்டி விசிறி என்பது வழக்கமானது. 1995ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய தரத்தை வெளியிட்டது. மதர்போர்டு எங்கே, எஸ்.எம்.பி.எஸ். எங்கே, பிராசஸர் எங்கே என்பதையெல்லாம் வரையறுத்தது இதுதான். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். முதலில் எழுதிய ஏ.டி.எக்ஸ். விதிப்படி எஸ்.எம்.பி.எஸ். விசிறி காற்றை உள்ளே ஊத வேண்டும்! ஒரே விசிறி பிராசஸரையும் சேர்த்துக் குளிர்விக்கும், ஒரு விசிறியின் செலவு மிச்சம் என்று நினைத்தார்கள். நடந்ததோ வேறு. எஸ்.எம்.பி.எஸ். சூடாக்கிய காற்றுதான் பிராசஸர் மேல் போய் விழுந்தது. பிறகு விதியைத் திருத்தி விசிறியைத் திருப்பினார்கள். முன்பக்கம் கீழே உள்ளே, பின்பக்கம் மேலே வெளியே என்று நாம் இன்று செய்யும் ஏற்பாடு இப்படித்தான் நிலைபெற்றது.

அடுத்த தலைவலி கிராபிக்ஸ் கார்டு. ஏ.டி.எக்ஸ். பெட்டியில் அது பிராசஸருக்குக் கீழே, சில்லு தரையைப் பார்த்தபடி மாட்டப்படும். அதன் அனல் அடியிலேயே தேங்கி நிற்கும். 2003ல் வந்த என்விடியா ஜிஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ராவின் விசிறி போட்ட இரைச்சலில், அதைக் கேலி செய்து அந்த நிறுவனமே ஒரு வீடியோ வெளியிட வேண்டியதாயிற்று. 2004ல் இன்டெல்லின் பிரெஸ்காட் பென்டியம் 4, 100 வாட்டைத் தாண்டியது.

ஒட்டுப் போட்டுச் சரிவராது, பெட்டியையே மாற்றுவோம் என்று இன்டெல் பி.டி.எக்ஸ். என்ற தரத்தை 2003ல் அறிவித்தது. பிராசஸர் பெட்டியின் முன்பக்கம் வரும். ஒரு பெரிய விசிறி வெளிக்காற்றை நேராக அதன் மேல் ஊதும். அதே காற்று நேர்கோட்டில் மற்ற பாகங்களைக் கடந்து பின்னால் வெளியேறும். கிராபிக்ஸ் கார்டும் மேல்நோக்கித் திரும்பிவிடும். காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஆனால் 2006ல் இன்டெல்லே அதைக் கைவிட்டது.

ஏன் தோற்றது? வணிகவியல் மாணவனாக எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புதிய தரத்துக்கு மாறினால் கேபினெட்டும் மாற வேண்டும், மதர்போர்டும் மாற வேண்டும், கூலரும் மாற வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது? ஏ.எம்.டி.யின் அத்லான் 64 பிராசஸரில் நினைவகக் கட்டுப்பாடு பிராசஸருக்குள்ளேயே இருந்ததால், பி.டி.எக்ஸ். அமைப்பு அதற்குத் தோதாகவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுயோ 65 வாட்டில் முந்தையதைவிட வேகமாக ஓடியது. நோயே குறைந்துவிட்டபோது கசப்பு மருந்தை யார் குடிப்பார்கள்?

ஆனால் நோய் வேறு உருவில் திரும்பியது. 2022ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டு மட்டும் 450 வாட். பெட்டியோ அதே 1995ன் வாரிசு. நல்ல வேளையாக, கேபினெட் செய்பவர்கள் பழைய தரத்துக்குள் இருந்துகொண்டே மாற்றங்கள் செய்தார்கள். 2005ல் வந்த ஆன்டெக் பி180 எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கீழே தனி அறைக்குள் இறக்கியது. இன்று பெரும்பாலான கேபினெட்டுகளில் அது கீழேதான் இருக்கிறது. 80 மில்லிமீட்டர் விசிறி போய் 120ம் 140ம் வந்தன. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு.

இதன் கணக்கு ஐந்தொகை மாதிரிதான். உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் சமமாகியே தீரும். உள்ளே தள்ளும் விசிறி அதிகமென்றால் மிச்சக் காற்று இடுக்குகள் வழியே வெளியேறும், தூசி வலை வழியாக வந்தால்தான் உண்டு. வெளியே தள்ளுவது அதிகமென்றால் எல்லா இடுக்கும் தூசியை உறிஞ்சும். 300 வாட் வெப்பம் உள்ள பெட்டியிலிருந்து நிமிடத்துக்கு 50 கன அடி காற்று வெளியேறினால், அந்தக் காற்று அறையைவிடச் சுமார் 11 டிகிரி சூடாக இருக்கும். காற்றை இரட்டிப்பாக்கினால் அது பாதியாகும். ஆனால் வெளியே போன சூட்டுக்காற்றே திரும்ப உள்ளே வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பாழ்.

தம்பியின் கணினியில் நடந்தது அதுவே. பூஜையறையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கேபினெட்டின் பின்பக்கம் பிடித்தேன். புகை வெளியே தள்ளப்பட வேண்டும். அதுவோ உள்ளே போனது! பின் விசிறி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டு பின்னால் தள்ளிய அனல் சுவரில் முட்டி, அந்த விசிறி வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. விசிறியின் சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் பெரும்பாலும் காற்று வெளிவரும் பக்கம் என்பது மாட்டியவருக்குத் தெரியவில்லை.

மாட்டியவர் நான்தான்.

நான்கு திருகாணிகளைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். விளையாடும்போது 98 டிகிரி காட்டிய பிராசஸர் 81க்கு இறங்கியது. ஆறாயிரம் ரூபாய் போக வேண்டிய இடத்துக்கே போனது. இன்டெல்லே 1995ல் விசிறியைத் தப்பான பக்கம் பார்க்க வைத்துப் பிறகு திருத்திக்கொண்டதுதானே என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் இன்னும் நம்பவில்லை.

பணம் செலவழிக்கும் முன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். ஒரு ரூபாய்கூட ஆகாது.