சிலிண்டர் பவரும் விமானியின் தகுதியும்: படைகளின் பார்வை விதிகள் மாறிய வரலாறு

போர் விமானியாக விரும்பும் இளைஞர்களில் பலர் எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் வென்று, மருத்துவப் பரிசோதனையில் கண்ணால் தடைபடுகிறார்கள். கண்ணாடிக் கடைகளில் சிலிண்டர் பவர் என்று சொல்லப்படும் பார்வைச் சிதறல் குறைபாடு இத்தடைகளுள் முக்கியமானது. லேசர் சிகிச்சை பெற்ற கண்ணைப் படைகள் நெடுங்காலம் முற்றாக மறுத்தன. இன்று நிபந்தனைகளோடு ஏற்கின்றன. உயரம், இரவுக் கூச்சம், விமானத்திலிருந்து வெளியேறும்போது தாக்கும் விசை என ஒவ்வொரு ஐயமும் தனித்தனியே சோதிக்கப்பட்ட பிறகே இம்மாற்றம் வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

குறைபாட்டின் இயல்பு

கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா எனும் கருவிழிப்படலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வளைந்திருக்க வேண்டும். ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியாது. ஒரு திசையில் உள்ள கோடுகள் தெளிவாகவும் மற்றொரு திசையில் உள்ளவை மங்கலாகவும் தெரியும். ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் தம் கண்ணிலேயே இக்குறைபாட்டைக் கண்டறிந்து 1801இல் விவரித்தார். வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1820களில் தம் இடக்கண்ணுக்கு உருளை வடிவ வில்லை செய்து அணிந்தார். 1862இல் நெதர்லாந்து மருத்துவர் ஸ்நெல்லன் எழுத்து அட்டையை உருவாக்கியதும் பார்வையை எண்ணால் குறிக்கும் வழி பிறந்தது. 6/6 என்ற அளவு அங்கிருந்து வந்ததே.

முதல் உலகப்போரின் விதிகள்

விமானப் போர் தொடங்கியதும் இந்த எண்கள் படைகளுக்குத் தேவைப்பட்டன. 1918இல் அமெரிக்க ராணுவம் நியூயார்க் அருகே மினியோலாவில் அமைத்த விமான மருத்துவ ஆய்வகத்தின் பொறுப்பு, வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தூரத்துப் பகை விமானத்தை முதலில் காண்பவரே உயிர் பிழைப்பார் என்ற நிலையில் கண்ணாடியின்றிக் கூர்மையாகப் பார்ப்பது அடிப்படைத் தகுதி ஆனது.

கண்ணாடியை மறுக்க நடைமுறைக் காரணங்களும் இருந்தன. தலைக்கவசத்துக்கும் ஆக்சிஜன் முகமூடிக்கும் இடையே அது சரியாகப் பொருந்தாது. வியர்வையில் மங்கும். கடுந்திருப்பத்தின்போது உடல் எடை பல மடங்காகும் நிலையில் மூக்கிலிருந்து வழுக்கும். சிலிண்டர் வில்லைக்குச் சரியான கோணமும் வேண்டும் என்பதால் சிறிது சாய்ந்தாலே திருத்தம் கெடும். ஆகவே சிலிண்டர் பவருக்குத் தனி வரம்பு வகுக்கப்பட்டது. கருவிழிப்படலம் கூம்புபோல் மெலிந்து பிதுங்கும் கெரடோகோனஸ் நோய், தொடக்கத்தில் சாதாரணச் சிலிண்டர் பவராகவே தோன்றுவதும் உண்டு. ஆகவே அந்த வரம்பு நோயைத் தொடக்கத்திலேயே சந்தேகிக்கவும் உதவியது.

கத்தி தந்த பாடம்

கருவிழிப்படலத்தைக் கீறி அதன் வளைவை மாற்றும் முயற்சியை, டோக்கியோவின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்சுட்டோமு சாட்டோ 1930களின் இறுதியில் தொடங்கினார். அவர் உட்புறத்திலிருந்தும் கீறினார். உள் அடுக்கில் உள்ள செல்களே நீரை வெளியேற்றிப் படலத்தைத் தெளிவாக வைத்திருக்கின்றன என்பது அன்று புரிந்திருக்கவில்லை. சிகிச்சை பெற்ற பலருக்கு ஆண்டுகள் கழித்துக் கருவிழி வீங்கி வெளுத்தது.

1970களில் மாஸ்கோவின் ஸ்வியாடோஸ்லாவ் ஃபியோதரொவ் வெளிப்புறத்தில் மட்டும் ஆரங்களாகக் கீறும் ஆர்.கே. முறையைப் பரப்பினார். அமெரிக்காவில் இதை ஆராய்ந்த பெர்க் ஆய்வின் பத்தாண்டு முடிவு 1994இல் வெளியானது. 43 விழுக்காடு கண்களில் பார்வை ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தது. அறுவை நாளில் கிடைத்த 6/6 பத்தாண்டு நிலைப்பதில்லை என்பது தெளிவானது.

அடுத்த கேள்வி உயரம். அமெரிக்க ராணுவக் கண் மருத்துவர் தாமஸ் மேடரும் குழுவினரும் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்தில், சுமார் 14,100 அடி உயரத்தில், சிகிச்சை பெற்றவர்களை 72 மணி நேரம் தங்கவைத்து அளந்தார்கள். ஆர்.கே. கண்கள் தூரப்பார்வைக்கு நகர்ந்தன. கீழே இறங்கியதும் மீண்டன. ஆக்சிஜன் குறையும்போது கீறல்களை ஒட்டிய திசு வீங்கி, நடுப்பகுதி தட்டையாவதே காரணம். லேசர் சிகிச்சை பெற்ற கண்களில் அந்த மாற்றம் காணப்படவில்லை. முடிவுகள் வெளிவந்த அதே 1996இல் எவரெஸ்ட்டில் ஏறிய அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ், ஆர்.கே. செய்த கண்களோடு மேலே பார்வை இழந்து தவித்தார். விமானிகளுக்கு ஆர்.கே. ஏன் ஆகாது என்பதற்கு இனிச் சான்று தேவைப்படவில்லை.

மதராஸ் மாணவரும் லேசரும்

லேசரின் கதையில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. மதராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகியோருடன் பணியாற்றினார். 1981இல் நன்றியறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மீது 193 நானோமீட்டர் புறஊதாக் கதிரைச் செலுத்தியபோது, சுற்றியுள்ள திசு கருகாமல் துல்லியமான வெட்டு விழுந்தது. கதிரின் ஆற்றல் மூலக்கூறுப் பிணைப்புகளை நேரடியாக உடைத்துவிடுவதால் வெப்பம் பரவ நேரமில்லை. நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் சீனிவாசனுடன் சேர்ந்து 1983இல் இதைக் கருவிழிப்படலத்தில் காட்டினார்.

இதிலிருந்து பிறந்ததே பி.ஆர்.கே. மேல்தோலை நீக்கி, அடியில் உள்ள திசுவை நுண்ணளவில் செதுக்குவது. 1995இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தந்தது. ஒரு திசையில் கூடுதலாகச் செதுக்கிச் சிலிண்டர் பவரையும் நீக்கும் முறைக்கு அடுத்த சில ஆண்டுகளில் அனுமதி கிடைத்தது.

விமானியே மருத்துவரானபோது

அமெரிக்கக் கடற்படையில் இதை முன்னெடுத்தவர் ஸ்டீவன் ஷால்ஹார்ன். எஃப்-14 போர் விமானம் ஓட்டி, டாப்கன் பள்ளியில் பயிற்றுவித்து, பின்னர் மருத்துவம் படித்துக் கண் மருத்துவரானவர். விமானந்தாங்கிக் கப்பலில் இரவில் இறங்கும் விமானிக்கு 6/6 மட்டும் போதாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தாலோ, மங்கிய பின்னணியில் பொருள் பிரியாவிட்டாலோ ஆபத்து. சான் டியேகோ கடற்படை மருத்துவமனையில் பணியிலிருந்த 30 வீரர்களுக்கு பி.ஆர்.கே. செய்து, அதன் முடிவுகளை 1996இல் வெளியிட்டார். தொடர்ந்த ஆய்வுகளில் இரவு வாகன ஓட்டுதலைப் போன்ற சூழலில் கூச்சமும் மாறுபாட்டு உணர்வும் அளக்கப்பட்டன. பின்னர் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்விக்கூட மாணவர்களுக்கே இச்சிகிச்சை அளிக்கப்பட்டது.

லாசிக் முறைக்குத் தயக்கம் நீடித்தது. அதில் மேலடுக்கை மடிப்பாகத் திறந்து, உள்ளே செதுக்கி, மறுபடி மூடுகிறார்கள். வெளியேற்ற இருக்கையில் பறக்கும்போது காற்று அறைந்தால் மடிப்பு நகருமா? லாசிக் செய்யப்பட்ட முயல்களை வெளியேற்றத்துக்கு ஒப்பான விசைக்கு உட்படுத்திய ஆய்வு 2003இல் வெளியானது, மடிப்புகள் நகரவில்லை. 2007 மே மாதம் அமெரிக்க விமானப்படை லாசிக் மீதான தடையைத் தளர்த்தியது. செப்டம்பரில் நாசாவும் விண்வெளி வீரர்களுக்கு பி.ஆர்.கே., லாசிக் இரண்டையும் ஏற்றது.

இந்திய விமானப்படையின் அளவுகோல்

விமானி பிரிவுக்கான இந்திய விதியில் சிலிண்டர் பவர் +0.75 டயாப்டர் வரை, அதுவும் தூரப்பார்வைக்கான +2.0 என்ற மொத்த எல்லைக்குள், ஏற்கப்படுகிறது. வெளிப்படையான கிட்டப்பார்வைக்கு இடமில்லை. பி.ஆர்.கே. அல்லது லாசிக் செய்தவர்களுக்கு வகுக்கப்பட்ட நிபந்தனைகள் இந்த வரலாற்றின் சுருக்கமாகவே அமைந்துள்ளன. 20 வயதுக்கு முன் சிகிச்சை செய்திருக்கக் கூடாது, ஏனெனில் அதற்குள் பவர் நிலைபெற்றிருக்காது. சிக்கலின்றி 12 மாதம் கடந்திருக்க வேண்டும். மீந்த கருவிழிப்படலம் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, மெலிந்தால் பிதுங்கும் அபாயம் உண்டு. முன்பிருந்த பவர் 6 டயாப்டரைத் தாண்டியிருக்கக் கூடாது. கண்ணின் நீளம் 25.5 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. லேசர் முன்படலத்தைத்தான் மாற்றும். நீண்ட கண்ணில் இழுபட்டு மெலிந்த விழித்திரையை அது சீர்செய்யாது. ஆர்.கே. செய்தவர்களுக்கு அனுமதியே இல்லை. பைக்ஸ் சிகரத்தில் கிடைத்த முடிவோடு இது ஒத்துப்போகிறது.

முடிவுரை

பள்ளி முடித்த கையோடு தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேரத் துடிக்கும் மாணவர், பவரை நீக்கிவிட்டால் போதும் என்று 17, 18 வயதில் லேசர் செய்துகொண்டால், அந்த அவசரமே பிற்காலத்தில் அவரைத் தகுதியற்றவராக்கும். 20 வயது விதி பட்டதாரி நுழைவுக்கும் பொருந்தும். அறுவைக்கு முன்பே கருவிழி வரைபடம், படலத் தடிமன், கண் நீளம் மூன்றையும் அளந்து பதிவு செய்து, நடப்பு அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை. பெற்றோரும் ஆசிரியர்களும் இதை உரத்துச் சொல்ல வேண்டும்.

பிறப்பில் குறையற்ற கண்ணைத் தேடிய விதிகள், இன்று நிலையான, சோதித்தறியக்கூடிய பார்வையைத் தேடுகின்றன. இந்த மாற்றத்தால் தகுதியான இளைஞர்கள் பலருக்கு வானம் வாய்த்திருக்கிறது. நாளை புதிய சிகிச்சை முறைகள் வரும்போதும் அவற்றை வாக்குறுதிகளை நம்பி ஏற்பதும் தவறு, அச்சத்தால் மறுப்பதும் தவறு. உயரத்திலும் இரவிலும் விசையிலும் அந்தக் கண் எப்படி நிற்கிறது என்று அளந்து பார்த்த பிறகே படைகள் தீர்ப்பு எழுத வேண்டும்.