சட்டங்கள் வகுத்த பாடத்திட்டம்: அமெரிக்கப் போக்குவரத்துத் திட்டமிடல் முதுகலைக் கல்வியின் வளர்ச்சி

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் போக்குவரத்துத் திட்டமிடல், மேலாண்மைத் துறையில் முதுகலைப் பட்டம் பெற விரும்புவோர் புள்ளியியல், பயணத் தேவை முன்கணிப்பு, சுற்றுச்சூழல் மதிப்பீடு, நிதி, பொதுக்கொள்கை எனப் பலவற்றைப் பயில வேண்டியுள்ளது. இப்பாடங்கள் ஒரே காலத்தில் வகுக்கப்பட்டவை அல்ல. கூட்டாட்சி அரசின் சட்டங்கள் நகரங்கள்மீது சுமத்திய கடமைகளே இவற்றில் பெரும்பாலானவற்றைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

பொறியாளர்களின் காலம்

தொடக்கத்தில் இக்கல்விக்குத் துணைநின்றது கார்த் தொழில். ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனத் தலைவர் ஆல்பர்ட் எர்ஸ்கின் பெயரில் 1926இல் ஹார்வர்டில் தெருப் போக்குவரத்து ஆய்வகம் அமைந்தது. மில்லர் மெக்ளின்டாக் அதை வழிநடத்தினார். 1938இல் அது யேல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. சிக்னல், வாகன நிறுத்தம், விபத்து, சாலையின் கொள்ளளவு ஆகியவையே அக்காலப் போக்குவரத்துப் பொறியியலின் அக்கறைகள். இருக்கும் தெருவில் வண்டிகள் தடையின்றி ஓட வேண்டும்; மக்கள் ஏன், எங்கே பயணிக்கிறார்கள் என்ற வினா பின்னரே முதன்மை பெற்றது.

திட்டமிடல் நுழைந்தது

1944இல் டல்சா, மெம்பிஸ் உள்ளிட்ட நகரங்களில் வீடு வீடாகச் சென்று பயண விவரம் திரட்டும் கணக்கெடுப்பு தொடங்கியது. நிலப் பயன்பாடே போக்குவரத்தைத் தோற்றுவிக்கிறது என்பதை ராபர்ட் மிட்செல், செஸ்டர் ராப்கின் இருவரும் 1954இல் வெளியிட்ட நூல் விளக்கியது. நகரத் திட்டமிடல் பயின்ற டக்ளஸ் கேரல், முதலில் டெட்ராய்ட்டிலும் பின்னர் சிகாகோவிலும் இக்கருத்தைக் கணக்கீடாக்கினார்.

1962ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இத்தகைய திட்டமிடலைக் கட்டாயமாக்கியது. 50,000க்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகர்ப்பகுதிகளில், தொடர்ச்சியான, முழுமையான, கூட்டுறவு முறையிலான திட்டமிடல் இல்லையெனில் 1965 ஜூலைக்குப்பின் சாலைத் திட்டங்களுக்குக் கூட்டாட்சி ஒப்புதல் இல்லை. முன்கணிப்பு அறிந்த பணியாளர்கள் நாடெங்கும் தேவைப்பட்டனர். பயண உருவாக்கம், பயணப் பகிர்வு, பயண முறைத் தேர்வு, பாதை ஒதுக்கீடு என்னும் நான்கு படி முறை வகுப்பறையின் அடிப்படைப் பாடமாயிற்று.

எதிர்ப்பும் மேலாண்மையும்

சான்பிரான்சிஸ்கோ மக்கள் எதிர்த்ததால் 1959இல் அந்நகர மன்றம் பல விரைவுச்சாலைத் திட்டங்களை நிராகரித்தது. பாஸ்டனிலும் எதிர்ப்பு வலுக்க, 1970இல் ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜன்ட் பெரும்பாலான புதிய விரைவுச்சாலைப் பணிகளை நிறுத்திவைத்தார். அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் தாக்க அறிக்கையைக் கட்டாயமாக்கியது. சூழலியலும் பொதுமக்கள் பங்கேற்பும் பாடங்களாயின. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயிலை முன்வைத்து டேனியல் மெக்ஃபேடன் நடத்திய பயண முறைத் தேர்வு ஆய்வுகள் பொருளாதாரத்தையும் இத்துறைக்குள் கொண்டுவந்தன. அவர் 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

பட்டத்தின் பெயரில் உள்ள ‘மேலாண்மை’க்கும் இக்காலமே வலுவூட்டியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப்பின், 1975இல் வந்த கூட்டாட்சி விதிகள், புதிய சாலை போடுமுன் இருக்கும் சாலையையும் பேருந்தையும் திறம்படப் பயன்படுத்தும் வழிகளைத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னன. 1991ஆம் ஆண்டுக் கூட்டாட்சிப் போக்குவரத்துச் சட்டம், நிதி வரும் வழியைக் காட்டாத திட்டம் செல்லாது என்றது. நிதிப் பகுப்பாய்வு அறியாத திட்டமிடுநரால் இனி ஒரு திட்ட அறிக்கைகூட எழுத முடியாது என்றாயிற்று.

இன்றைய தகுதிகள்

இன்று பொறியியல் சார்ந்த முதுகலைப் பட்டங்கள் பெரும்பாலும் 30 கிரெடிட் அளவில் அமைகின்றன. நகரத் திட்டமிடல் முதுகலை பொதுவாக ஈராண்டுப் படிப்பு. பொறியியல் அல்லாத பொருளியல், புவியியல் பட்டதாரிகளுக்கும் பல இடங்களில் இடமுண்டு. கணிதம், புள்ளியியலில் அடிப்படை இல்லாதவர்கள் அதை ஈடுசெய்ய வேண்டும். ஆய்வேடோ செயல்திட்டமோ இறுதியில் எதிர்பார்க்கப்படுகிறது.

முடிவுரை

இப்பாடத்திட்டத்தை வளர்த்ததில் பல்கலைக்கழகங்களின் தொலைநோக்கைவிடச் சட்டங்களுக்கும் மக்கள் எதிர்ப்புக்குமே பங்கு அதிகம். இதுவே இதன் வலிமை, குறையும் இதுதான். சட்டம் கேட்கத் தொடங்கிய பின்னரே கல்வி விழித்துக்கொண்டிருக்கிறது. இந்த வரிசையை மாற்றுவதே இனி இக்கல்வித்துறை செய்ய வேண்டிய பணி.